போகிற வழியில் இன்ஜின் ஆயில் ஒழுகினால் ஓட்டலாமா, நிறுத்த வேண்டுமா?

கேள்வி இது: கோபியிலிருந்து குடும்பத்தோடு பழனிக்குப் போகிற வழியில், காங்கயம் தாண்டி ஊதியூர் பக்கம் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறீர்கள். திரும்பி வந்து பார்த்தால் காருக்கு அடியில் கறுப்பாக ஆயில் சொட்டிக்கிடக்கிறது, பானட் பக்கம் கருகல் வாடை. மீட்டரில் எந்த விளக்கும் எரியவில்லை. மெல்ல ஓட்டித் தாராபுரம் போய்விடலாமா, இல்லை அங்கேயே நிறுத்திவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிட வேண்டுமா?

ஆயில் கேஜை, அதாவது ஆயில் அளவு பார்க்கிற நீளக் கம்பியை, உருவிப் பார்க்கிற வரைக்கும் வண்டியை நகர்த்தவே வேண்டாம். கேஜில் ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்து, ஒழுகலும் சொட்டுச் சொட்டாக மட்டும் இருந்தால், மெதுவாகத் தாராபுரம் சேர்ந்துவிடலாம். கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தால் ஆயில் ஊற்றிய பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். நூல் பிடித்தாற்போல் ஒழுகினாலோ, வருகிற வழியில் சிவப்பு ஆயில் விளக்கு ஒரு தடவையாவது மின்னியிருந்தாலோ, உங்கள் கார் இன்னொரு வண்டியின் மேல் ஏறித்தான் போக வேண்டும். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

விளக்கு எரியாததை வைத்து ஆயில் இருக்கிறது என்று முடிவு செய்வது பலரும் செய்கிற தப்பு. பெரும்பாலான கார்களில் அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. நன்றாக ஓடுகிற இன்ஜினில் சாலை வேகத்தில் ஆயில் பிரஷர் 2 முதல் 4 பார் வரை இருக்கும், சூடான ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) 1 பார் அளவுக்கு இறங்கும். விளக்கை எரியவைக்கிற சுவிட்ச் பொதுவாக அரை பாருக்கும் கீழே போனால்தான் வேலை செய்யும். ஆக, விளக்கு எரிகிற நேரத்தில் ஆயில் பம்ப் ஏற்கெனவே காற்றைக் குடிக்கத் தொடங்கியிருக்கும். 3 லிட்டர் பிடிக்கிற சின்ன பெட்ரோல் காரில் பாதிக்கு மேல் கொட்டித் தீர்ந்த பிறகும் சமமான சாலையில் விளக்கு எரியாமலே வரலாம். முன்னெச்சரிக்கை ஒன்று உண்டு: வளைவில் திரும்பும்போதும், சட்டென்று பிரேக் பிடிக்கும்போதும் விளக்கு ஒரு நொடி மின்னி அணையும். சேம்பரில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தொட்டியில்) மிச்சமிருக்கிற ஆயில் ஒரு பக்கமாகச் சாய, உறிஞ்சுகிற வாய் வெளியே தெரிகிறது என்று அர்த்தம். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு, ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. இந்த மாதிரி மலைப்பாதையில் இப்படி மின்னினால் "ஒயர் லூசா இருக்கும்" என்று தள்ளிவிடக் கூடாது.

பிரஷர் போன பிறகு நடப்பது வேகமாக நடந்துவிடும். இன்ஜினுக்குள் சுற்றுகிற முக்கியத் தண்டு கிராங்க். அதன் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்கு ஆயில் படலம் இருக்கிறது. அது அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசி, பேரிங்கின் மெல்லிய உலோகப் பூச்சு இழுபட்டு, கனெக்டிங் ராடில் தட்டும் சத்தம் வரும். டர்போ வண்டியாக இருந்தால் அதற்கும் முன்பே டர்போவின் தண்டு போய்விடும், அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான். ஒழுகலைச் சரிசெய்ய ஒரு வாஷரோ சீலோ போதும். "இன்னும் பத்துக் கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

இப்போது நிறுத்துவது பற்றி. ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்கு எரிந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இடது இண்டிகேட்டர் போட்டு, பாதுகாப்பாக ஒதுங்கிய அடுத்த நொடியே இன்ஜினை அணையுங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்ப வேண்டாம். பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், பிரேக் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் உதவி மிச்சமிருக்கும், சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். மலை இறக்கத்தில் இது உயிர் விஷயம். இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டே அடிவாரம் போய்விடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நிற்கிற இடம் சமமாக இருக்கட்டும், காய்ந்த புல் இல்லாத இடமாகவும் இருக்கட்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சைலன்சர் குழாயும் கொதிக்கிற நேரத்தில், மேலே ஆயில் சொட்ட, கீழே கோடையில் காய்ந்த கொழுக்கட்டைப் புல் இருந்தால் தீப்பிடிக்க வேறெதுவும் வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்து, எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டர் பின்னால் வையுங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் சாலையை விட்டு விலகி, வண்டியிலிருந்து தள்ளி உட்காரவையுங்கள். பானட் இடுக்கில் தீக்கொழுந்து தெரிந்தால் பானட்டை முழுக்கத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டுப் பெரிதாகும். தீயணைப்பான் இல்லையென்றால் மண்ணை வாரிப் போடலாம், தண்ணீர் ஊற்றக் கூடாது.

கருகல் வாடை மட்டும் என்றால் ஐந்து பத்து நிமிடம் ஆறவிடுங்கள். மேலே போன ஆயில் சேம்பருக்கு வடிந்து இறங்கவும் அந்த நேரம் வேண்டும். அதற்குள் ஒழுகுவது இன்ஜின் ஆயில்தானா என்று பார்த்துவிடலாம். அடியில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி நாலு சொட்டு பிடியுங்கள். பழுப்பு அல்லது கறுப்பு, விரலில் தேய்த்தால் வழுவழுப்பு, கருகல் வாடை என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பாக இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில். பச்சையோ இளஞ்சிவப்போ, தண்ணீர் மாதிரி ஓடி இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏசி, கவலை இல்லை. சக்கரத்துக்கு உள்பக்கம் வெளிர்மஞ்சளாகத் தண்ணி மாதிரி ஒழுகினால் பிரேக் ஆயில், அந்த வண்டி ஒரு அடிகூட நகரக் கூடாது.

நம் கொங்குப் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். தை, மாசியில் கிராமத்துச் சாலைகளில் கொள்ளு, எள், ராகித் தட்டைக் களம் மாதிரிப் பரப்பியிருப்பார்கள். அதன் மேல் ஓட்டினால் கொடி ஆக்சிலில் சுற்றிக்கொண்டு, கியர்பாக்ஸிலிருந்து ஆக்சில் வெளியே வருகிற இடத்து ஆயில் சீலைக் கடித்துவிடும். இன்ஜின் கேஜ் சரியாக இருந்தும், முன்சக்கரத்துக்கு உள்பக்கமாக நாறுகிற கெட்டி ஆயில் சொட்டினால் அதுதான் காரணம். கியர்பாக்ஸில் மொத்தமே இரண்டு லிட்டர் அளவுதான் இருக்கும், அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. சுற்றிய தட்டு சைலன்சரில் பட்டாலும் புகையும், கருகல் வாடைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். குனிந்து பாருங்கள், கையால் இழுத்தால் வந்துவிடும்.

இனி கேஜ். உருவி, துடைத்து, கடைசி வரை உள்ளே அழுத்தி, திரும்ப உருவுங்கள். முதல் தடவை வருவதை நம்ப வேண்டாம், குழாயில் ஒட்டியிருந்த ஆயில் ஏமாற்றும். இரண்டு பக்கத்திலும் பார்த்து, எந்தப் பக்கம் குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 1 லிட்டர். ஆக நடுவில் நின்றால் அரை லிட்டர் குறைவு என்று கணக்கு. கேஜ் நுனியிலேயே ஆயில் படவில்லை என்றால் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாது, அந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்ப்பது என்கிற பேச்சே வேண்டாம்.

எங்கிருந்து ஒழுகுகிறது என்று தேடும்போது மேலிருந்து கீழே பாருங்கள். ஆயில் கீழே இறங்கும், ஓடுகிற காற்றில் பின்னால் பரவும். அதனால் சொட்டுகிற இடத்துக்கு மேலேயும் முன்னாலேயும்தான் மூலம் இருக்கும். முதலில் ஆயில் ஊற்றுகிற மூடி இருக்கிறதா, கேஜ் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸ் முடித்து இரண்டு நாளில் "ஆயில் கொட்டுது" என்று வருகிற வண்டிகளில் மூடி மேலே எங்கேயோ உட்கார்ந்திருப்பது ஆச்சரியமே இல்லை. அடுத்து டேப்பெட் கவர், அதாவது இன்ஜினின் மேல்மூடி, அதன் ஓரம். அங்கே பேக்கிங் கெட்டித்து வெடித்திருந்தால் ஆயில் நேராகப் புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இறங்கி எரியும். நீங்கள் சொன்ன கருகல் வாடைக்கு இதுவே முதல் சந்தேகம். புகை மெலிதாக இருந்தால் ஆறிய பிறகு கவரின் 10 மில்லிமீட்டர் போல்ட்டுகளைச் சின்ன ஸ்பேனரால் மெல்ல ஒட்டுமட்டும் இறுக்கிப் பார்க்கலாம். பலம் போட்டு இறுக்கினால் கவர் வெடிக்கும், இல்லை ஹெட்டில் மரை போகும். புகை பொங்கினால் ஓட்ட வேண்டாம்.

கீழே வந்தால் ஆயில் ஃபில்டர், அதன் பக்கத்திலேயே ஆயில் பிரஷர் சுவிட்ச். திடீரென்று நிறைய ஆயில் போகிற கேஸ்களில் இந்த இரண்டும் முக்கியமானவை, ஏனென்றால் இரண்டும் பம்ப் அழுத்தி அனுப்புகிற பிரஷர் பக்கத்தில் இருக்கின்றன. ஒழுகல் இன்ஜின் ஓடும்போது பீய்ச்சும், அணைத்ததும் நின்றுவிடும். சுவிட்ச்சைக் கண்டுபிடிப்பது எளிது: பிளாக்கில் திருகியிருக்கும் சின்ன உருண்டை, ஒற்றை ஒயர், மேலே ரப்பர் தொப்பி. தொப்பியைக் கழற்றுங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சுவிட்ச்சின் நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் வழியாகவே ஆயில் வெளியே வருகிறது என்று பொருள், வேறு சோதனை தேவையில்லை. புதுசு சில நூறு ரூபாய், மாற்ற 24 அல்லது 27 மில்லிமீட்டர் நீள சாக்கெட் வேண்டும். மாற்றுகிறவர் மரை முழுக்க டெஃப்ளான் டேப்பைச் சுற்றினால் தடுத்துவிடுங்கள். ஒற்றை ஒயர் சுவிட்ச் எர்த் எடுப்பதே அந்த மரை வழியாகத்தான். டேப் சுற்றியதால் எர்த் போனால், நாளைக்கு நிஜமாகவே பிரஷர் குறைந்தாலும் விளக்கு எரியாது. ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர் பார்ட்ஸ் கடை பூட்டு என்றால் ஒரு வழி உண்டு: ஜப்பான், கொரியா வகைக் கார்கள் பலவற்றில் அந்த மரை எட்டில் ஒரு இஞ்ச் டேப்பர் மரை. கம்ப்ரசர், ஏர் லைன் ஃபிட்டிங் விற்கிற கடைகளில், திருப்பூர், கோவைப் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை, அதே அளவுக்கு இரும்புப் பிளக் கிடைக்கும். அதைப் போட்டு அடைத்தால் வீடு வந்து சேரலாம், ஆனால் விளக்கு வேலை செய்யாது என்பதை மனதில் வைத்து, அடுத்த நாளே சுவிட்ச் போட்டுவிட வேண்டும்.

ஃபில்டர் ஒழுகினால் பெரும்பாலும் சர்வீஸில் நடந்த தப்பு. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதைக் கவனிக்காமல் புதிய ஃபில்டரைத் திருகினால் இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்றாக உட்காரும். நாலு நாள் தாங்கும், ஒரு நாள் நெடுஞ்சாலை வேகத்தில் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஆயில் நிமிடங்களில் காலி. வெறும் லூஸ் என்றால், பனியன் வேஸ்ட்டைச் சுற்றிக் கையாலேயே இறுக்கலாம். ரப்பர் பட்ட பிறகு முக்கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். வளையம் பிதுங்கி வெளியே தெரிந்தால் இறுக்கிப் பயனில்லை, கழற்றிப் பழையதை உரித்தெடுத்துப் புதிய ஃபில்டர்தான் போட வேண்டும்.

இன்ஜின் அணைந்த பிறகும் நிற்காமல் ஒழுகினால் சேம்பரையும், ஆயிலை வடிக்கக் கழற்றுகிற டிரெயின் போல்ட்டையும் பாருங்கள். சர்வீஸ் ஆகிச் சில நாள்தான் ஆகிறது என்றால் போல்ட் மேல்தான் முதல் சந்தேகம். வண்டியைப் பொறுத்து 14, 17, 19 மில்லிமீட்டர் ரிங் ஸ்பேனர் சேரும். லூஸாக இருந்தால் இறுக்கியதும் நின்றுவிடும். இதற்குக் கம்பெனி சொல்கிற இறுக்கமே 25 முதல் 40 நியூட்டன் மீட்டர்தான், அதாவது ஒரு சாதாரண ஸ்பேனரை ஒரு கையால் இழுக்கிற அளவு. அலுமினியச் சேம்பரில் காலை வைத்து இறுக்கினால் மரை உரிந்து, சின்ன வேலை பெரிய வேலை ஆகும். வாஷர் நசுங்கிப் போயிருந்தால் புதிய செம்பு அல்லது அலுமினிய வாஷர் போடுங்கள். அதுவும் இல்லாத இடத்தில் போல்ட்டின் மரையில் டெஃப்ளான் டேப் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி ஊர் போய்ச் சேரலாம். மரையே போயிருந்தால் லேத் பட்டறைக்காரர் கைக்குப் போக வேண்டும், அளவு பெரிதாக்கிப் புது மரை வெட்டி வேறு போல்ட் கொடுப்பார், அல்லது ஹெலிகாயில் (மரைக்குப் பதிலாக உட்காருகிற கம்பிச் சுருள்) வைப்பார். நம் ஊர்களில் லேத் இல்லாத டவுன் கிடையாது.

கல் அடித்துச் சேம்பர் உடைவதும் வெளியூர்ப் பயணத்தில் நடக்கிறதுதான். புதிதாகக் குழாய் பதித்து மூடாமல் விட்ட பள்ளம், கிராமத்தார் போட்ட உயரமான வேகத்தடை, லாரியிலிருந்து விழுந்த ஜல்லிக் கல். அடியில் "டங்" என்று ஒரு சத்தம் கேட்டால் அடுத்த நூறு மீட்டருக்குள் நிறுத்திப் பாருங்கள். இரும்புச் சேம்பர் நசுங்கும், அலுமினியம் வெடிக்கும். நசுங்கியது ஒழுகவில்லை என்று நிம்மதி அடைய முடியாது, ஏனென்றால் நசுங்கிய பள்ளம் உள்ளே ஆயில் உறிஞ்சுகிற வலைவாயை அடைத்துக்கொண்டால், ஆயில் முழுக்க இருந்தும் பிரஷர் வராது. அடிபட்ட பிறகு ஸ்டார்ட் செய்தால் விளக்கு இரண்டு மூன்று நொடியில் அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்கிற இடத்தில் சொட்டினால் கிராங்கின் பின் சீல். சாலையோரத்தில் அதற்குச் செய்ய ஒன்றும் இல்லை, கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும். சீல் விலை கொஞ்சம், கூலிதான் செலவு. பெரும்பாலும் மெதுவாகக் கசிகிற ஒழுகல், ஊற்றி ஊற்றி ஓட்டலாம். கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் மட்டும் நிறுத்துங்கள்.

ஒழுகலின் வேகத்தை அளக்கக் கடையில் ஒரு அட்டைப்பெட்டி வாங்கி விரித்துப் போடுங்கள். ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 180 மில்லி, கேஜ் மேல்கோட்டில் இருந்தால் கீழ்க்கோட்டுக்கு வர ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கு அணைத்து வைத்த வண்டிக்குச் சரி. ஓடும்போது பிரஷர் பக்க ஒழுகல் பல மடங்கு ஆகும் என்பதால், கேஜ் சரியாக இருந்தால் மட்டும், ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் தள்ளி நின்று டார்ச் அடித்து 15 நொடி பார்க்க வேண்டும். துண்டு, துப்பட்டா, சேலைத் தலைப்பு எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. பீய்ச்சினால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சொட்டு மட்டும் என்றால் கிளம்பலாம்: 50 கிலோமீட்டர் வேகத்துக்குள், ஆர்பிஎம் 2500 தாண்டாமல், முதல் 2 கிலோமீட்டரில் ஒரு தடவையும் பிறகு ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவையும் நிறுத்திக் கேஜ் பார்த்துக்கொண்டே.

ஊற்றுவதற்கு உங்கள் வண்டிக்கு உரிய கிரேடு கிடைக்காமல் போகலாம். சின்னப் பெட்ரோல் கார்கள் இப்போது 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 கேட்கின்றன. வழியில் பங்க்கில் கிடைப்பது 20டபிள்யூ-40 ஆகவோ, டிராக்டருக்கு விற்கிற 15டபிள்யூ-40 ஆகவோ இருக்கும். அவசரத்துக்கு அதையே ஊற்றுங்கள், ஆயில் இல்லாமல் ஓடுவதை விட எந்த இன்ஜின் ஆயிலும் மேல். பைக்குக்கு விற்கிற ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலும் பெட்ரோல் காருக்குத் தற்காலிகமாகத் தாங்கும். ஊர் திரும்பியதும் மொத்தத்தையும் வடித்துப் புதிது போட்டுவிடுங்கள், பிஎஸ்-6 டீசலில் இது கட்டாயம், தவறான ஆயில் புகைக் கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டரை அடைக்கும். டூ ஸ்ட்ரோக் ஆயில், கியர் ஆயில், போர் போடுகிற ரிக் வண்டிக்காரர் கொடுக்கிற ஹைட்ராலிக் ஆயில், செக்கில் ஆட்டிய கடலெண்ணெய், தேங்காயெண்ணெய் இவை எதுவும் வேண்டாம். கால் கால் லிட்டராக ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, கேஜ் பார்த்து நிறுத்துங்கள். மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரைக்குப் பிரஷர் வராது. தண்ணீர் பாட்டிலை வெட்டினால் புனல்.

தற்காலிக அடைப்பு என்றால் எல்லாருக்கும் எம்-சீல்தான் ஞாபகம் வரும். அது வேலை செய்யும், ஆனால் ஆயில் பிசுக்கின் மேல் ஒட்டவே ஒட்டாது. வெடிப்புக்குக் கீழே வருமளவு ஆயிலை ஒரு சுத்தமான வாளியில் வடிக்க வேண்டும். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, எமரித் தாளால் உலோகம் மினுங்குமட்டும் தேய்த்து, மறுபடி துடைக்க வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது. இரண்டு உருண்டையையும் சம அளவு எடுத்து ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, வெடிப்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் படர அழுத்துங்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் இறுகவிடுங்கள். ஆயில் 100 டிகிரி சூட்டைத் தொடுகிற இடம் அது, அடுத்த டவுன் வரைக்கும்தான் அதன் ஆயுள். பெட்ரோல் டாங்க் ஓட்டைக்குச் சோப்பு வைக்கிற பழைய உத்தி இங்கே உதவாது, சூட்டில் இளகிவிடும்.

இந்த வேலையை ஜாக்கி மேல் வைத்துக் கீழே படுத்துச் செய்யக் கூடாது. வண்டியோடு வருகிற ஜாக்கி சக்கரம் மாற்றத்தான், சரிந்தால் ஒரு டன் எடை மார்பில் இறங்கும். எந்த டவுனிலும் வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷனில் ராம்ப்போ லிஃப்டோ இருக்கும், அங்கே கேட்டால் இடம் கொடுப்பார்கள். அவ்வளவு தூரம் போக முடியாத வண்டிக்கு எம்-சீல் யோசனையே வேண்டாம்.

மெக்கானிக்குக்கு போன் செய்யும்போது "ஆயில் லீக்" என்று மட்டும் சொன்னால் அவர் வெறுங்கையோடு வருவார். இப்படிச் சொல்லுங்கள்: "ஏனுங்ணா, காங்கயம் தாராபுரம் ரோட்டுல ஊதியூர்கிட்ட நிக்கிறனுங்க. பெட்ரோல் வண்டிங்க, 2019 மாடலுங்க. இன்ஜின அணைச்ச பொறகும் அடியில சொட்டுதுங்க. கேஜுல கீழ்க்கோட்டுக்குங் கீழ இருக்குதுங்க, லைட் எரியலீங்க. சர்வீஸ் உட்டு ஒரு வாரந்தானுங்க ஆச்சு." இதைக் கேட்டாலே போல்ட், வாஷர், மூணு லிட்டர் ஆயில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஒழுகுகிற இடத்தை ஒரு வீடியோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. காங்கயம், தாராபுரம் பக்கம் கார் மெக்கானிக் கிடைக்காவிட்டால் டிராக்டர் மெக்கானிக்கைக் கேளுங்கள், சீலும் சேம்பரும் அவர்களுக்குத் தினப்படி வேலை. சங்ககிரி, நாமக்கல் பக்கம் என்றால் லாரிப் பட்டறைகள் ராத்திரியிலும் திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033க்கு அழைக்கலாம். சேலம் கோவை சாலையில் வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர் சுங்கச்சாவடிகளில் எது பக்கம் என்று சொன்னால் இடம் புரியும். மாநிலச் சாலையிலும் கிராமச் சாலையிலும் அந்த எண் உதவாது, அங்கே இன்சூரன்ஸில் சேர்த்திருக்கிற சாலையோர உதவி எண் அல்லது கார் கம்பெனியின் எண்தான். திம்பம் வழியாகப் போகிறவர்கள் பண்ணாரிக்கு முன்பே கேஜ் பார்த்துவிட வேண்டும். மேலே சிக்னல் சரியாகக் கிடைக்காது, புலிகள் காப்பகம் என்பதால் இரவுப் போக்குவரத்துக்கும் தடை உண்டு. வண்டியைத் தூக்கும்போது ஆட்டோமேட்டிக் என்றால் நாலு சக்கரமும் மேலே ஏறுகிற பிளாட்பெட் வண்டியே கேளுங்கள். முன்சக்கர இழுவை மேனுவல் காரை முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கலாம்.

கல் அடித்திருந்தால் வண்டியை நகர்த்தும் முன் அடிபட்ட இடம், கல், சாலை, மீட்டர் எல்லாவற்றையும் படமெடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்துவிடுங்கள். சேம்பர் உடைந்தது விபத்துச் சேதம், சொந்த வண்டிச் சேதப் பாலிசியில் கோரலாம். அதன் பிறகு ஆயில் இல்லாமல் ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொண்டால், அதைப் பின்விளைவுச் சேதம் என்று சாதாரண பாலிசி ஒதுக்கிவிடும். இன்ஜின் புரொடெக்ட் தனியாகச் சேர்த்திருந்தால்தான் பேச முடியும், அதிலும் தெரிந்தே ஓட்டியிருந்தால் சிக்கல். சாலையில் கொட்டிய ஆயிலின் மேல் மண் போட்டு மூடிவிட்டுக் கிளம்புங்கள், இல்லையென்றால் பின்னால் வருகிற டூவீலர் வழுக்கி விழும். வடித்த ஆயிலை வாய்க்காலிலோ தோட்டத்து ஓரத்திலோ ஊற்றாமல் கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள்.

பட்டறையில் உடைந்த அலுமினியச் சேம்பருக்கு ஆர்கான் வெல்டிங் செய்யலாம். பம்புசெட்டும் ஃபவுண்டரியும் இருக்கிற கோவையில் அதற்குக் கைதேர்ந்தவர்கள் நிறைய. வெல்டிங் முடிந்ததும் சோதிக்காமல் மாட்ட விடாதீர்கள். வெளிப்பக்கம் சாக்பீஸ் தூளைப் பூசி, உள்ளே மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி அரை மணி வைத்தால், ஊசித் துளை இருந்தாலும் சாக்பீஸில் ஈரப் புள்ளி தெரியும். சேம்பர் மாட்டும்போது அனபாண்ட் மாதிரி சிலிக்கான் பேஸ்ட்டை மெல்லிய கோடாகத்தான் போட வேண்டும். தாராளமாகப் போட்டால் உள்பக்கம் பிதுங்கி, உதிர்ந்து, உறிஞ்சுகிற வலையில் போய் அடைக்கும். பேஸ்ட் இறுகக் கொடுக்க வேண்டிய நேரத்தைக் கொடுங்கள், சாயங்காலமே வண்டி வேண்டும் என்று அவசரப்படுத்த வேண்டாம்.

சிவப்பு விளக்கோடு கொஞ்ச தூரம் ஓடிய வண்டி என்றால் ஒழுகலை மட்டும் சரிசெய்து கையில் வாங்காதீர்கள். வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள், மினுமினுப்புத் தெரிந்தால் பேரிங் உதிர்ந்திருக்கிறது. பிரஷர் சுவிட்ச்சைக் கழற்றி அந்த மரையில் பிரஷர் காட்டுகிற மெக்கானிக்கல் கேஜ் மாட்டச் சொல்லி, சூடான ஐடிலிலும் 2500 ஆர்பிஎம்மிலும் உங்கள் கண்ணால் பாருங்கள். டேப்பெட் கவர் ஒழுகிய வண்டியில் இன்ஜினுக்குள் சேர்கிற வாயுவை வெளியேற்றுகிற பிசிவி வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே காற்று அழுத்தம் கூடிப் புதிய பேக்கிங்கையும் தள்ளும். வேலை முடிந்ததும் இன்ஜின் அடிப்பக்கத்தைச் சுத்தமாகக் கழுவச் சொல்லி, 50 கிலோமீட்டர் ஓட்டி, ராத்திரி வீட்டில் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவிடுங்கள். காலையில் தாள் சுத்தமாக இருந்து, கேஜும் இறங்காமல் இருந்தால் மறுபடி வெளியூர் கிளம்பலாம். அப்போது டிக்கியில் வண்டிக்கு உரிய ஆயில் 1 லிட்டர், டிரெயின் போல்ட்டுக்கு ஏற்ற ரிங் ஸ்பேனர், ஒரு உபரி வாஷர், டார்ச், கொஞ்சம் பனியன் வேஸ்ட் இருக்கட்டும்.